ஏன் ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’?

ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் அழற்சிக்கான இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ‘ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி.’ என்று குறிக்கப்படும் பொருளைப் பழைய மருத்துவ நூல்கள் ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று அழைப்பது ஏன், அந்த நோய் ஆஸ்திரேலியாவிலிருந்தா பரவியது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கிருந்து பரவவில்லை. (ஆன்டிஜென் என்பது, உடல் அந்நியமென்று கண்டு எதிர்ப்பைத் தொடங்கும் பொருள்.) பெயர் அப்படி அமைந்ததற்குக் காரணம், அதைக் கண்டுபிடித்த மருத்துவர் கிருமி எதையும் தேடிக்கொண்டிருக்கவில்லை என்பதுதான். அவர் தேடியது, மனிதருக்கு மனிதர் இரத்தத்தில் காணப்படும் வேறுபாடுகளை.

பரூக் பிளம்பர்க் (1925–2011) அமெரிக்கர். முதலில் இயற்பியல், பிறகு மருத்துவம், அதன்பின் ஆக்ஸ்ஃபோர்டில் உயிர்வேதியியல் என்று படித்து, பிற்காலத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம், மானிடவியல் இரண்டுக்கும் பேராசிரியராக இருந்தவர். மருத்துவ மாணவராக இருந்தபோது தென் அமெரிக்காவின் சுரினாம் நாட்டில், மோங்கோ என்ற பாக்சைட் சுரங்க ஊரில் சில மாதங்கள் பணியாற்றினார். ஆப்பிரிக்கா, இந்தியா, ஜாவா, சீனா எனப் பல இடங்களிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே அருகருகே வாழ்ந்தார்கள். ஆனால் யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவின் தொற்று அவர்கள் எல்லோரையும் ஒரே அளவில் தாக்கவில்லை. ஒரே சூழலில் வாழ்பவர்களில் ஒருவருக்கு நோய் வருவதும் மற்றவருக்கு வராமலிருப்பதும் ஏன் என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

விடை மரபுவழி வந்த புரத வேறுபாடுகளில் இருக்கலாம் என்று கருதிய அவர், உலகின் பல மக்கள் குழுக்களிடமிருந்து சீரம், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர், சேகரிக்கத் தொடங்கினார். அவற்றிலுள்ள வேறுபாடுகளைக் கண்டறிய அவர் கையாண்ட உத்தி எளிமையானது. பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளியின் உடல், தன் புரதங்களிலிருந்து மாறுபட்ட பிறருடைய புரதங்களைத் திரும்பத் திரும்பச் சந்திக்கிறது. ஆகவே அவற்றுக்கு எதிராக எதிர்ப்பொருள்களை, அதாவது அந்நியப் பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதங்களை, உருவாக்கி வைத்திருக்கக்கூடும். அப்படியானால் அந்த நோயாளியின் சீரமே மனித வேறுபாடுகளைக் காட்டித்தரும் கருவியாகிவிடும்.

அந்தக் கருவியை இயக்கும் முறை, ஸ்வீடன் நாட்டு ஊக்டர்லோனி வகுத்த கூழ்த்தட்டுச் சோதனை. கண்ணாடித் தட்டில் அகார் கூழை மெல்லிய படலமாக உறையவைத்து, நடுவில் ஒரு குழியும் அதைச் சுற்றிச் சில குழிகளும் வெட்டுகிறார்கள். நடுக்குழியில் எதிர்ப்பொருள் கொண்ட சீரத்தையும், சுற்றுக்குழிகளில் சோதிக்க வேண்டிய சீரங்களையும் இட்டு, தட்டை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். மின்சாரமோ சிறப்புக் கருவியோ தேவையில்லை. மூலக்கூறுகள் தாமாகவே கூழுக்குள் ஊர்ந்து பரவுகின்றன. எதிர்ப்பொருளும் அதற்குரிய ஆன்டிஜெனும் சந்திக்கும் இடத்தில், ஓரிரு நாளில், மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தோன்றுகிறது.

சந்திப்பு பரந்த ஒரு பரப்பில் நடக்கும்போது கோடு மட்டும் ஏன் இவ்வளவு மெல்லியதாக விழுகிறது? எதிர்ப்பொருளுக்கு ஆன்டிஜெனைப் பற்றிக்கொள்ள இரண்டு கைகள் உண்டு. ஆன்டிஜென் துகளிலோ பிடித்துக்கொள்ளத்தக்க இடங்கள் பல. எதிர்ப்பொருள் மிகுந்திருக்கும் இடத்தில், ஒவ்வொரு துகளின் எல்லா இடங்களையும் வெவ்வேறு எதிர்ப்பொருள்கள் மொய்த்துக்கொள்வதால் ஒரு துகளை இன்னொன்றோடு இணைக்க இடம் மிஞ்சுவதில்லை. ஆன்டிஜென் மிகுந்திருக்கும் இடத்தில், ஒவ்வோர் எதிர்ப்பொருளின் இரு கைகளிலும் துகள்கள் நிறைந்துவிட, தொடர்ந்து கோத்துக்கொண்டு போக எதிர்ப்பொருள் போதுவதில்லை. இரண்டும் ஏறத்தாழச் சமநிலையில் இருக்கும்போதுதான் கை கையாகக் கோத்து, வலை போல விரிந்து, கரையாத படிவாகிக் கண்ணுக்குத் தெரிகிறது. சோதனைக் குழாயில் இந்தச் சரியான விகிதத்தை எட்ட, கரைசலைப் பல அளவுகளில் நீர்த்துப் பார்க்க வேண்டும். கூழிலோ குழியிலிருந்து விலக விலகச் செறிவு படிப்படியாகக் குறைவதால், எல்லா விகிதங்களும் ஒரே தட்டில் எங்கோ ஓரிடத்தில் அமைந்துவிடுகின்றன. பொருந்தும் இடத்தைக் கூழே தேர்ந்து கோடு போடுகிறது. அடுத்தடுத்த இரு குழிகளிலும் ஒரே ஆன்டிஜென் இருந்தால் அவற்றின் கோடுகள் இணைந்து ஒரே வளைவாகின்றன. வெவ்வேறானால் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு தெளிவாகப் பேசும் சோதனை வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1963ஆம் ஆண்டளவில், பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டிருந்த, நியூயார்க்கைச் சேர்ந்த ஹீமோஃபிலியா (இரத்தம் எளிதில் உறையாத நோய்) நோயாளி ஒருவரின் சீரம் வரிசையாக வைக்கப்பட்ட பலருடைய சீரங்களில் ஒன்றோடு மட்டும் கோடு காட்டியது. அந்த ஒன்று, ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவருடையது. பெயர் வந்த கதை இவ்வளவுதான். முன்னர் கண்டறியப்பட்டிருந்த கொழுப்புப்புரதக் கோடுகளைப் போலக் கொழுப்புச் சாயத்தை நன்கு ஏற்காமல், இது புரதச் சாயத்தில் சிவந்ததால், புதிய பொருள் என்று புரிந்தது.

அதையும் மரபுவழிப் பண்பு என்றே பிளம்பர்க் முதலில் எண்ணினார். இரத்தப் புற்றுநோயாளிகளிடமும், பெரிய காப்பகங்களில் வளர்ந்த, பிறவியிலேயே வரும் டவுன் நோய்க்குறி உடையவர்களிடமும் அது மிகுதியாகக் காணப்பட்டது அந்த எண்ணத்துக்கு வலுச் சேர்த்தது. ஆனால் 1966இல், முன்பு இந்த ஆன்டிஜென் இல்லாதிருந்த ஒருவரிடம் அது புதிதாகத் தோன்றியது; கூடவே அவருக்குக் கல்லீரல் அழற்சியும் இருந்தது. பிறப்பிலேயே வரும் பண்பு இடையில் வந்து சேராது. அடுத்த ஆண்டு பிளம்பர்க்கின் ஆய்வகப் பணியாளர் ஒருவருக்கும் அவ்வாறே நேர்ந்தது. கோடு போட்டது மனிதப் புரதம் அல்ல, ஹெபடைட்டிஸ் பி வைரஸின் வெளியுறை என்பது தெளிவாயிற்று.

வைரஸைக் காட்டும் அளவுக்குக் கூழ்த்தட்டு நுட்பமானதன்று. ஆனால் இந்த வைரஸ் ஒரு விசித்திரமான ஊதாரி. 42 நானோமீட்டர் அளவுள்ள முழு வைரஸ் ஒன்றுக்கு, மரபுப்பொருள் எதுவுமில்லாத, 22 நானோமீட்டர் அளவுள்ள வெற்று உறைகளை ஆயிரக்கணக்கிலும் அதற்கு மேலும் இரத்தத்தில் கொட்டுகிறது. அந்த மிகுதிதான் கண்ணுக்குத் தெரியும் கோடாயிற்று. வெற்று உறையால் நோயை உண்டாக்க முடியாது; உடலுக்குப் பகையை அடையாளம் காட்ட மட்டும் முடியும். ஆகவே தொற்றுள்ளோரின் இரத்தத்திலிருந்து உறைகளைப் பிரித்துத் தடுப்பூசியாக்கலாம் என்று பிளம்பர்க்கும் இர்விங் மில்மனும் 1969இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1976இல் பிளம்பர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. ‘இந்த ஆய்வால் எந்த நோய் தீரும்?’ என்று கேட்கும் இன்றைய நிதி விண்ணப்பப் படிவத்தில், 1963ஆம் ஆண்டின் பிளம்பர்க் என்ன எழுதியிருப்பார் என்று நான் அவ்வப்போது யோசிப்பதுண்டு.

அவருடைய ஆர்வம் கீழாநெல்லி வரைக்கும் நீண்டது. காமாலைக்கு நம்மவர்கள் காலங்காலமாகக் கொடுத்துவரும் அந்தச் செடியைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கவும் இல்லை, பழமையானது என்பதாலேயே வணங்கவும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழுவினரோடு அவர் சேர்ந்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து இதே ஆன்டிஜென் மறைந்தது. வெற்று மருந்து உட்கொண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகளில் இந்த விளைவு திரும்பக் கிடைக்கவில்லை. முதல் ஆய்வை மட்டும் மேற்கோள் காட்டி இன்றும் பொடி விற்பவர்கள், இரண்டாவது செய்தியைச் சொல்வதில்லை என்பது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

தடுப்பூசி 1981இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 1986 முதல் மனித இரத்தமும் தேவைப்படவில்லை. உறைப்புரதத்துக்குரிய மரபணுவைப் பெற்ற ஈஸ்ட் அதைத் தயாரிக்கிறது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடப்படும் முதல் ஊசியில் இருப்பது, அன்று அகார் கூழில் கோடு போட்ட அதே வெற்று உறையின் புரதம்தான்.