கிங்ஸ்வுட்டின் பிரேக் டிரம்மைக் கழற்றும் முன்

எழுபதுகளில் ஆஸ்திரேலியாவில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் ஹோல்டன் கிங்ஸ்வுட் காரின் பின்சீட்டைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அந்தப் பாசத்தில்தான் தாத்தாவின் வண்டியை ஷெட்டிலிருந்து இழுத்து, டிரெய்லரில் ஏற்றிப் பேரன்கள் பட்டறைக்குக் கொண்டுவருகிறார்கள். அவர்கள் இஞ்சினைப் பற்றிக் கேட்பார்கள். நான் கேட்பது, "பிரேக் டிரம்மை யாராவது கழற்றினீர்களா?" சக்கரத்தோடு சுற்றும் இரும்பு உருளைதான் டிரம்; அதற்குள் ஷூ என்ற வளைந்த பாகம் உரசித்தான் வண்டி நிற்கும்.

ஹோல்டனின் முதல் கார் 48-215. பிரதமர் பென் சிஃப்லி 1948 நவம்பர் 29 அன்று மெல்போர்னின் ஃபிஷர்மன்ஸ் பெண்டில் அதை அறிமுகப்படுத்தினார். கிங்ஸ்வுட் என்ற பெயர் 1968இல் வந்தது. எங்களிடம் அதிகம் வருவது 1971 ஜூலையில் வெளியான ஹெச்கியூ (HQ) வரிசை. 1974க்குள் 4,85,650 வண்டிகள் தயாராயின. வேறெந்த ஹோல்டன் மாடலும் இந்த எண்ணிக்கையைத் தொடவில்லை.

அந்த வரிசையில் பெல்மாண்ட் விலை குறைந்தது, பிரீமியர் வசதிக்காரர்களுக்கு, நடுவில் கிங்ஸ்வுட். முன்னாலும் பெஞ்ச் சீட், ஸ்டீயரிங்கை ஒட்டி மூன்று கியர், ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். செடானில் நான்கு சக்கரத்துக்கும் காயில் ஸ்பிரிங். 2.8, 3.3 லிட்டர் ஆறு சிலிண்டர். இன்னும் வேகம் வேண்டுமென்றால் வி8. பானெட்டைத் திறந்தால் ஆளே உள்ளே இறங்கி நிற்கலாம், அவ்வளவு இடம். சாதாரண ஸ்பேனர் செட்டே போதும் என்பதால் எல்லாரும் வீட்டிலேயே கழற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். வம்பு அங்கேதான்.

அந்தக் காலத்து பிரேக் லைனிங் (ஷூவின் மேல் ஒட்டிய உரசும் பட்டை), கிளட்ச் தட்டு, சில கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. மூச்சோடு உள்ளே போனால் புற்றுநோய் வரவழைக்கும் கனிம இழை அது. ஆஸ்திரேலியா அதை முழுமையாகத் தடைசெய்தது 2003 டிசம்பர் 31 அன்று. ஆகவே "தொண்ணூறுகளில் புது ஷூ போட்டாச்சு" என்பது ஆறுதல் இல்லை. பழைய பாகச் சந்தையில் பிரிக்காத பெட்டியோடு கிடைக்கும் ஷூவையும் நம்பாதீர்கள். ஆரம்பகால ஹெச்கியூக்கள் பலவற்றில் முன்சக்கரத்துக்கும் டிரம்தான்; டிஸ்க் வேண்டுமென்றால் தனிக் காசு. நான்கு டிரம்மிலும் தூசி அடைந்திருக்கும்.

அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். காய்ந்த பிரஷ்ஷால் தட்டாதீர்கள். வீட்டு வாக்குவம் கிளீனர் இன்னும் மோசம், நுண்ணிய இழையைப் பின்பக்கமாக அறை முழுக்கத் துப்பும். தண்ணீரை மெல்லத் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பழைய ஷூவையும் கனமான பிளாஸ்டிக் பையில் இரட்டையாகக் கட்டுங்கள். குறைந்தது பி2 (P2) முகமூடி, அதாவது நுண்தூசியை வடிகட்டும் வகை, வேண்டும். குப்பைத்தொட்டியில் போடாதீர்கள்; ஆஸ்பெஸ்டாஸை எங்கே ஒப்படைப்பது என்று உள்ளூர் கவுன்சில் சொல்லும். அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு துவைக்கவும் வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் வெளிப்பட முப்பது, நாற்பது வருடங்கள்கூட ஆகலாம் என்பதால், "நான் எத்தனையோ டிரம் ஊதியிருக்கிறேன், ஒன்றும் ஆகலையே" என்று சொல்பவரிடம் எனக்குப் பொறுமை கிடையாது. சந்தேகமென்றால் பட்டறையில் விட்டுவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. துருவைப் பின்கண்ணாடியின் கீழ்மூலைகளிலும் முன்கண்ணாடிக்கு அடியிலுள்ள காற்றறையிலும் தேடுங்கள்; பளபள பெயிண்டுக்குக் கீழே பட்டி பூசியிருக்கிறார்களா என்று சின்னக் காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஈயம் கலந்த பெட்ரோல் 2002லிருந்து கிடையாது. ஹெட்டில் கெட்டியான வால்வு சீட் போடாத இஞ்சினுக்கு, ஈயத்துக்குப் பதிலாக வால்வு சீட்டைக் காக்கும் சேர்மானத்தைப் பெட்ரோலில் ஊற்ற வேண்டும்.

பின்சீட்டில் பேத்தியை உட்காரவைக்கும் ஆசை இருந்தால் இன்னொரு வேலை பாக்கி. குழந்தை இருக்கையின் மேல்பட்டையை மாட்டும் கொக்கி இந்த வண்டிகள் வந்தபோது கட்டாயமில்லை. நீங்களே துளை போட்டுப் போல்ட் முடுக்காதீர்கள். அந்த வேலை தெரிந்த, அங்கீகாரம் பெற்றவரிடம் போய்ப் பொருத்திக்கொள்ளுங்கள்.