ஸ்னாப்ஷாட் இருக்கே, அண்ணே!

போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி ஒரு தம்பி என் வீட்டுக்கே வந்துவிட்டார். தோளில் மடிக்கணினிப் பை, முகத்தில் தூக்கம் இல்லை. பாலிடெக்னிக்கில் படிக்கிற பையன், கெட்டிக்காரர். உட்காரச் சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டார். "வி.எம்.முக்குள்ளதான் அண்ணே திறந்தேன். வெளியில எப்படி வந்துச்சு?"

நடந்தது இதுதான். வீடியோ வெட்டி ஒட்டும் மென்பொருள் ஒன்றின் திருட்டுப் பிரதியை எங்கிருந்தோ இறக்கியிருக்கிறார். சந்தேகம் வந்ததால் நேராகத் திறக்காமல், வி.எம். எனும் மெய்நிகர் கணினியில், அதாவது கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலியாக ஓட்டும் வெர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் வைத்திருந்த விண்டோஸுக்குள் கொண்டுபோய்த் திறந்திருக்கிறார். அதுவரைக்கும் சரி. கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்த விண்டோஸின் திரை மாறி, பணம் கட்டச் சொல்லும் மிரட்டல் கடிதம் வந்தது. தம்பி சிரித்துக்கொண்டே பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது முன்பு சேமித்து வைத்த நிலைக்குத் திரும்பினார். எல்லாம் பழையபடி சுத்தமாக இருந்தது. அப்புறம்தான் வெளியே, தன் மடிக்கணினியின் டி டிரைவைத் திறந்தார். அக்கா கல்யாணப் படங்கள், இறுதியாண்டு புராஜெக்ட் என எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் ஏதோ ஒரு வால் ஒட்டியிருந்தது. எதுவும் திறக்கவில்லை.

காரணம் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளேயும் வெளியேயும் கோப்பு மாற்றிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று டி டிரைவ் முழுவதையும் ஷேர்ட் ஃபோல்டராகக் கொடுத்து வைத்திருந்தார். படிக்க மட்டும் என்ற கட்டுப்பாடும் இல்லை. உள்ளே ஓடிய ரான்சம்வேருக்கு, அதாவது கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரலுக்கு, அது இன்னொரு டிரைவ், அவ்வளவுதான். வரிசையாகப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

"ஸ்னாப்ஷாட் இருக்கே, அண்ணே! அதை வெச்சு எடுக்க முடியாதா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பினாங்கில் சிறு அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் கணினி பார்த்துக் கொடுப்பது என் தொழில். மாலையில் வீட்டிலும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் கிடையாது. பழைய மேசைக் கணினி ஒன்றில் ஆறேழு மெய்நிகர் கணினிகள் வைத்திருக்கிறேன். விண்டோஸ் 98, எக்ஸ்பி, மூன்று வகை லினக்ஸ் என்று ஒரு கூட்டுக்குடும்பம். 2007-இல் வெர்ச்சுவல்பாக்ஸ் வெளிவந்த புதிதில் 512 எம்.பி. நினைவகம் உள்ள கணினியில் எக்ஸ்பிக்குள் லினக்ஸை ஓட்டிப் பார்த்தவன் நான். ஓடியது என்று சொல்வது மரியாதைக்கு, தவழ்ந்தது.

இன்று நிலைமை வேறு. இன்டெல் 2005-இலும் ஏ.எம்.டி. 2006-இலும் மெய்நிகர் கணினியை ஓட்டுவதற்கான வசதியைச் சிப்பிலேயே வைத்துவிட்டன. 1972 முதல் பாயான் லெப்பாசில் இன்டெல் ஆலை இருக்கிற ஊர் இது. அங்கே வேலை பார்த்த அத்தையோ சித்தியோ பல வீடுகளில் உண்டு. ஆனால் அதே வீட்டுக் கணினிகளில் அந்த வசதி பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில், அணைந்தே கிடக்கும். மெய்நிகர் கணினி ஆமை வேகத்தில் போகிறது, 64 பிட் விண்டோஸ் ஏறவே மாட்டேன் என்கிறது என்று யார் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். இன்டெல் என்றால் வர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி, ஏ.எம்.டி. என்றால் எஸ்.வி.எம். மோட். அதைத் திறந்துவிட்டால் பாதிப் புகார் தீர்ந்துவிடும். இன்னொன்று, எட்டு ஜி.பி. நினைவகம் உள்ள கணினியில் ஆறு ஜி.பி.யை உள்ளே இருப்பவனுக்குத் தாரை வார்க்காதீர்கள். இரண்டு பேருமே மூச்சுத் திணறுவார்கள்.

வேகம் பற்றிய தொல்லை அத்தோடு முடிந்தது. ஆட்கள் உண்மையில் அடிபடுவது வேறு இடத்தில்.

மெய்நிகர் கணினி என்பது கண்ணாடித் தொட்டி மாதிரி, உள்ளே என்ன நடந்தாலும் வெளியே சொட்டாது என்று ஓர் எண்ணம் இருக்கிறது. தொட்டி கெட்டிதான், இல்லை என்று சொல்லவில்லை. 2015-இல் வெனம் என்ற ஓட்டை பெரிய செய்தியானது. மெய்நிகர் கணினிக்குள் போலியாக உருவாக்கி வைத்திருந்த ஃபிளாப்பி டிரைவின் நிரலில் 2004-இலிருந்தே ஒரு பிழை இருந்திருக்கிறது. அதன் வழியாக உள்ளிருப்பவன் வெளியேற முடியும். ஃபிளாப்பியை யாரும் தொடாத காலத்தில் ஃபிளாப்பி வழியாக ஆபத்து! இப்படிப்பட்ட ஓட்டைகள் அவ்வப்போது வரும், அதனால் மென்பொருளைப் புதுப்பித்து வையுங்கள். ஆனால் வீட்டில் வைத்து ஓட்டுகிற ஒருவர் இப்படி ஓட்டை வழியாக அடிபட்டு என்னிடம் வந்ததே இல்லை. வந்தவர்கள் எல்லாரும் வசதிக்காகத் தாங்களே திறந்து வைத்த கதவால் வந்தவர்கள்.

ஷேர்ட் ஃபோல்டர் எவ்வளவு பெரிய கதவு என்பது திருடர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். 2020 மே மாதம் சோஃபோஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு தாக்குதலைப் பற்றி விவரமாக எழுதியது. ராக்னார் லாக்கர் என்ற கும்பல், தாக்கப்பட்ட நிறுவனத்தின் கணினியில் பழைய வெர்ச்சுவல்பாக்ஸையும் இளைக்க வைத்த ஒரு விண்டோஸ் எக்ஸ்பியையும் தானே நிறுவியது. அந்தக் கணினியின் டிரைவுகளை எல்லாம் ஷேர்ட் ஃபோல்டராக உள்ளே கொடுத்தது. பூட்டும் வேலை எக்ஸ்பிக்குள் இருந்தபடியே நடந்தது. வெளியே இருந்த ஆன்டிவைரஸின் கண்ணுக்கு வெர்ச்சுவல்பாக்ஸ் ஏதோ கோப்புகளை மாற்றுகிறது என்று மட்டும்தான் தெரிந்தது. திருடன் சிரமப்பட்டுச் செய்த அதே ஏற்பாட்டை நம் தம்பி தன் கையாலேயே செய்து வைத்திருந்தார்.

நெட்வொர்க் விஷயமும் இப்படித்தான். பிரிட்ஜ்டு என்று வைத்தால் உங்கள் மெய்நிகர் கணினி வீட்டு ரவுட்டரில் தனி முகவரி வாங்கிக்கொண்டு இன்னொரு கணினியாகவே உட்கார்ந்துவிடும். உள்ளே இருப்பது 2014 ஏப்ரலோடு ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பி என்றால், அதை அப்பாவின் மடிக்கணினிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்த மாதிரி. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற ரான்சம்வேர் பரவியபோது ஒரு கணினியிலிருந்து பக்கத்துக் கணினிக்கு யாரும் எதையும் சொடுக்காமலே தாவியது. ஆதரவில் இருந்த விண்டோஸ்களுக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

சரி, வெளிக் கணினியின் முகவரி வழியாகவே வெளியே போகும் நேட் என்ற முறையில் வைத்தால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. வெளியிலிருந்து யாரும் உள்ளே நேராக வர முடியாது. ஆனால் உள்ளிருந்து வெளியே போகலாம். இணையத்துக்கு மட்டும் அல்ல, உங்கள் வீட்டுப் பிரிண்டர், சேமிப்பகம், அண்ணன் கணினி எல்லாவற்றின் கதவையும் தட்டலாம். இதைச் சொன்னால் தொழிலில் உள்ளவர்களே சில பேர் நம்புவதில்லை. வெர்ச்சுவல்பாக்ஸில் நேட் வைத்துவிட்டு உள்ளிருந்து உங்கள் ரவுட்டரின் முகவரியைத் திறந்து பாருங்கள், தெரியும். சந்தேகமான கோப்பைத் திறக்கப் போகிறீர்கள் என்றால் நெட்வொர்க் அமைப்பில் கேபிள் கனெக்டட் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு டிக், அவ்வளவுதான் வேலை.

நகலெடுத்ததைத் தற்காலிகமாக வைத்திருக்கும் கிளிப்போர்டைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. இரண்டு பக்கமும் நகலெடுக்கலாம் என்று வைத்திருந்தால், வெளியே நீங்கள் வங்கிக் கடவுச்சொல்லை நகலெடுக்கும்போது அது உள்ளே இருப்பவனுக்கும் போகிறது. எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர், வாட்ஸ்அப்பில் கல்யாண அழைப்பிதழ் என்று வந்த ஏ.பி.கே. கோப்பை, அதாவது ஓர் ஆண்ட்ராய்டு செயலியை, கைப்பேசியில் திறக்கப் பயந்து, மகன் கணினியில் போட்டுக் கொடுத்த ஆண்ட்ராய்டு எமுலேட்டர் எனும் போலிக் கைப்பேசியில் திறந்திருக்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் அந்த எமுலேட்டரில் தன் உண்மையான கூகள் கணக்கைப் போட்டு நுழைந்திருந்தார். திருடனுக்கு வேண்டியது கைப்பேசியா, கணக்கா? நல்லவேளை, பணம் போகவில்லை. போயிருந்தால் வங்கிக்கும் 997-க்கும் உடனே அழைத்திருக்க வேண்டும். அந்த எண் மலேசியாவின் தேசிய மோசடி நடவடிக்கை மையத்துடையது. கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.

இனி ஸ்னாப்ஷாட்டுக்கு வருவோம்.

மெய்நிகர் கணினியின் ஹார்ட் டிஸ்க் என்பது உங்கள் நிஜ டிஸ்க்கில் உள்ள ஒரு பெரிய கோப்பு. ஸ்னாப்ஷாட் எடுத்ததும் அந்தக் கோப்பு அப்படியே உறைந்துவிடும். அதற்குப் பிறகு நடக்கும் மாற்றங்கள் மட்டும் பக்கத்தில் புதிதாக ஒரு கோப்பில் எழுதப்படும். அடுத்த ஸ்னாப்ஷாட்டுக்கு அடுத்த கோப்பு. ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிற கூட்டம் அது. அடியில் நிற்பவன் விழுந்தால் எல்லாரும் விழுவார்கள். பிரதி என்று அங்கே எதுவும் இல்லை. அந்த டிஸ்க் செத்தால் எல்லாமே போய்விடும். வெளிக் கணினியில் உள்ள உங்கள் படங்களுக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தம்பிக்கு இதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கல்யாணப் படங்கள் படம் பிடித்தவரிடம் இன்னும் இருந்ததால் அக்காவிடம் தப்பித்தார். புராஜெக்டை மறுபடி முதலிலிருந்து எழுதினார்.

அவருக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், நானும் விழுந்தவன்தான். ஒரு காலத்தில் விண்டோஸ் 98 ஒன்றை ஆசையாக வளர்த்து வந்தேன். யூனிகோட் வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகள் என்னிடம் நிறைய உண்டு. தமிழ்மொழிக் கழக மலர்கள், கோயில் நிகழ்ச்சி நிரல்கள், கடிதங்கள். புதுக் கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல். அந்தப் பழைய மென்பொருளில் திறந்தால்தான் தமிழ் தெரியும். ஒவ்வொரு கோப்பாகத் திறந்து மாற்றிக்கொண்டிருந்தேன். பயத்தில் வாரம் ஒரு ஸ்னாப்ஷாட். பதினொன்று சேர்ந்துவிட்டது. ஒரு நாள் நடு இரவில் 256 ஜி.பி. டிஸ்க் நிரம்பி, மெய்நிகர் கணினி பாதியில் நின்றது. இடம் வேண்டுமென்று ஸ்னாப்ஷாட்டுகளை முறைப்படி நீக்கப் பார்த்தால், நீக்குவதற்கே இடம் கேட்கிறது! நீக்குவது என்றால் உண்மையில் இரண்டு கோப்புகளை ஒன்றாகக் கலப்பது, அதற்கு இடம் வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அறிவு எங்கே வேலை செய்கிறது? கோப்புறைக்குள் போய்ப் பழையதாகத் தெரிந்த இரண்டு கோப்புகளைக் கையாலேயே அழித்தேன். அவ்வளவுதான், சங்கிலி அறுந்தது. வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி இருந்தது, இரண்டு ஆண்டு பழையது. இடையில் செய்த வேலை எல்லாம் போனது போனதுதான்.

அன்றிலிருந்து என் வழக்கம் வேறு. ஸ்னாப்ஷாட் என்பது இன்று மாலை ஏதோ சோதிக்கப் போகிறேன், நாளைக் காலை தூக்கிவிடுவேன் என்பதற்கு மட்டும். காப்புப் பிரதி என்றால் மெய்நிகர் கணினியை முறையாக ஷட் டவுன் செய்துவிட்டு, அதன் கோப்புறை முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுப்பேன். ஓடிக்கொண்டிருக்கும்போது நகலெடுப்பதில்லை. வெளி டிஸ்க் ஃபேட் 32 என்ற பழைய கோப்பு முறையில் இருந்தால் நான்கு ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, எக்ஸ்ஃபேட்டுக்கோ என்.டி.எஃப்.எஸ்.ஸுக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். நகலெடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். நம் ஊர் மாலை இடிமழை தெரிந்ததுதானே? மின்சாரம் போய் வரும்போது எழுதிக்கொண்டிருந்த டிஸ்க் கோப்பு பாதியில் கெடுவதை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்துவிட்டேன். சின்ன யு.பி.எஸ். ஒன்று வாங்கி வைப்பது வீண் செலவு இல்லை.

இதெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் மெய்நிகர் கணினியே வேண்டாமா என்றால், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் எனக்குத் தெரிந்த அச்சகம் ஒன்றைச் சொல்கிறேன். கல்யாண அட்டை, கோயில் நோட்டீஸ் அடிக்கிற கடை. இருபது ஆண்டு வடிவமைப்புகள் எல்லாம் எக்ஸ்பியில் ஓடும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பழைய எழுத்துருக்களில் இருந்தன. தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்தக் கணினியின் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. டிஸ்க்கை அப்படியே படியெடுத்து மெய்நிகர் கணினியாக மாற்றினேன். முதல் தடவை நீலத்திரை. சாட்டா என்ற புதிய டிஸ்க் இணைப்பு எக்ஸ்பிக்குத் தெரியாது. இணைப்பை ஐ.டி.இ. என்ற பழைய முறைக்கு மாற்றியதும் எழுந்தது. கணினி மாறிவிட்டது என்று உரிமத்தை மறுபடி கேட்டது. கணினியோடு ஒட்டி வந்த உரிமம் அந்தக் கணினிக்குத்தான் செல்லும். முதலாளி அந்தக் காலத்தில் தனியாகக் காசு கொடுத்து வாங்கிய குறுவட்டு அலமாரியில் தூசியோடு இருந்ததால் பிழைத்தோம்.

அந்த எக்ஸ்பிக்கு நெட்வொர்க் அட்டையே கொடுக்கவில்லை. கிளிப்போர்டு கிடையாது. புதுப் பிரிண்டருக்கு எக்ஸ்பியில் டிரைவர் இல்லை என்பதால் உள்ளே பி.டி.எஃப். ஆக மாற்றி, ஒரே ஒரு சிறிய ஷேர்ட் ஃபோல்டர் வழியாக வெளியே எடுத்து அச்சடிக்கிறார்கள். அந்த ஃபோல்டரில் அன்றைய வேலையைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்பது கடைச் சட்டம். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்த பிறகு, அதையும் இப்படி உள்ளே போட்டுத் தரச் சொல்லிப் பல பேர் கேட்கிறார்கள். போடலாம். உள்ளே போட்டதால் அது இளமையாகிவிடாது, இணையத்தை வெட்டினால்தான் சம்மதம் என்று சொல்லிவிடுகிறேன்.

அச்சக முதலாளி காப்பு டிஸ்க்கை சாமி அறை இழுப்பறையில் வைத்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் போகும்போது எடுத்து நீட்டுவார். அதிலிருந்து என் மடிக்கணினிக்கு நகலெடுத்து, எக்ஸ்பியை எழுப்பி, ஏதாவது ஒரு பழைய அட்டையைத் திறந்து பார்ப்போம். போன தடவை திறந்தது 2004-இல் அவர் தங்கைக்கு அடித்த கல்யாணப் பத்திரிகை. எழுத்து ஒன்றுகூட சிதையவில்லை.