மருந்து அடிக்கலாமா வேண்டாமா, அதைச் சொல்லுங்க சார்

பூச்சியியல், பயிர் நோயியல் பேராசிரியர்கள் பொதுமக்களுக்காக எழுதும் கட்டுரைகளை அச்சுக்குப் போகும் முன் படித்துப் பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. முக்கால்வாசி ஒரே மாதிரிதான் தொடங்கும்: பூச்சியின் தாயகம், குடும்பம், பரவிய நாடுகள். தோப்புக்காரர் தேடி வந்த விஷயம் கடைசிப் பத்தியில் இருக்கும், அதுவும் அரைகுறையாக.

தென்னைச் சுருள் வெள்ளை ஈயையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் முதலில் 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில்தான் கண்டறிந்தார்கள். எல்லை தாண்டிப் பாலக்காட்டுத் தோப்புகளிலும் அது உண்டு. ஓலையின் அடியில் சாறு உறிஞ்சும். அது கழிக்கும் தேன் போன்ற திரவம் கீழ் ஓலைகளில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படரும். மரமே கறுத்து நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். மருந்துக்கடையில் ஒரே வரியில் பதில் கிடைத்துவிடுகிறது. நம் பதிலோ நாலாம் பக்கத்தில்.

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை விவசாயி ஒருவர் இந்த ஈ பற்றிய கட்டுரையை மடித்துக் கையில் கொடுத்துக் கேட்டார்: "நல்லாத்தான் எழுதியிருக்கறீங்க சார். மருந்து அடிக்கறதா வேண்டாமா? அதைக் காணோமுங்களே."

வேண்டாம் என்பதுதான் பதில். இந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அவற்றை அழிக்கும் என்கார்சியா என்ற சின்னஞ்சிறு குளவி நம் தோப்புகளிலேயே இருக்கிறது. பூச்சிக்கொல்லி முதலில் அதைத்தான் கொல்லும். கட்டுரையின் முதல் பத்தியில் இது வர வேண்டும். அடுத்து, குளவி இருக்கிறதா என்று அவரே பார்த்துக்கொள்ள வழி சொல்ல வேண்டும்: கைக்கெட்டும் ஓலையைத் திருப்பி, லென்ஸ் வைத்துப் பாருங்கள், குஞ்சின் கூட்டில் வட்டமான துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. இலத்தீன் பெயர் எங்கேயாவது ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

கரும்பூசணம் உதிர 1 சதவீத ஸ்டார்ச் கரைசல் தெளிக்கலாம் என்று எழுதுகிறோம். 10 லிட்டர் டேங்குக்கு 100 கிராம் என்று எழுத ஏன் கை வருவதில்லை? நாற்பதடி நெட்டை மரத்துக்கு எந்தத் தெளிப்பான் எட்டும் என்பதையும் அதே வரியில் யோசித்துவிட வேண்டும்.

எளிமை என்ற பெயரில் உண்மையை வெட்டிவிடுவது இதைவிட மோசம். தென்னையைத் தாக்கும் கேரள வாடல் நோய் பற்றி ஒரு நண்பர் எழுதியதில், "இதைக் குணப்படுத்த மருந்து இல்லை" என்ற வரியை, படிப்பவர் மனம் தளர்ந்துவிடுவார் என்று ஒரு பத்திரிகை எடுத்துவிட்டது. பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி தருகிற நோய் இது; 1880களிலேயே ஈராட்டுப்பேட்டைப் பக்கம் தென்பட்டது. உரம், நீர் நிர்வாகத்தால் லேசாகப் பாதித்த மரத்தின் காய்ப்பைக் கொஞ்சம் தக்கவைக்கலாம். முற்றிப்போன மரத்தை வெட்டி அகற்றிவிட்டு, நோய் தாங்கும் கல்பரக்ஷா போன்ற ரகத்தை வைக்கலாம். அவ்வளவுதான். அந்த ஒரு வரி இல்லாத கட்டுரையைப் படித்தவர், ஏதோ ஒரு கரைசலுக்குப் பணம் கொட்டத்தான் போவார். வெட்டுவதற்கு முன் என்னிடம் கேளுங்கள் என்று ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது.

எல்லையோர வாசகருக்கு எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் மறக்கிறார்கள். கட்டுரையின் கடைசியில் "அருகிலுள்ள தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுகவும்" என்று போடுவது பொள்ளாச்சிக்காரருக்குச் சரி. அதே தமிழில் அதைப் படிக்கிற கேரளத்துச் சித்தூர்த் தாலுக்காக்காரர் போக வேண்டியது தம் பஞ்சாயத்தின் கிருஷி பவன் என்ற வேளாண் அலுவலகத்துக்கு. இரண்டையும் போடுங்கள்.