அண்ணப்பிளவு ஆபரேஷன்: குழந்தையின் சளியை மறைக்காதீர்கள்

அண்ணப்பிளவு, அதாவது வாயின் மேற்கூரையில் உள்ள பிளவை மூடும் ஆபரேஷன் நாளன்று காலையில் நான் முதலில் பார்ப்பது குழந்தையின் மூக்கைத்தான். துடைத்த தடம் மேலுதட்டில் காய்ந்து வெள்ளையாகத் தெரியும். "சளி பிடித்திருக்கா?" என்று கேட்டால், "இல்லைங்க டாக்டர், இப்போ அழுதான், அதான்" என்பார் அம்மா. காத்திருந்து கிடைத்த தேதி கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் தயவுசெய்து மறைக்காதீர்கள்.

சளி பிடித்த குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது குரல்வளை சட்டென்று இறுகிக்கொள்ளலாம். காய்ச்சல் விட்ட பிறகும் சில வாரங்களுக்கு இந்த ஆபத்து உண்டு. அப்புறம், இருமல் ஒவ்வொன்றும் புதுத் தையலை இழுக்கும். சில வாரம் தள்ளிப்போவதால் பேச்சு கெட்டுவிடாது. வருடக்கணக்கில் தள்ளிப்போனால்தான் கெடும்.

இன்னொன்றும் கேட்பேன்: தூங்கும்போது குறட்டை விடுகிறதா, மூச்சு நின்று நின்று வருகிறதா? தாடை சிறுத்து, நாக்கு பின்னால் சரியும் குழந்தைகள் உண்டு. பியர் ராபின் என்று சொல்வோம். இதுவரை பிளவு வழியாகவும் போய்வந்த மூச்சுக்கு, அண்ணத்தை மூடியதும் பாதை குறுகிவிடும். வாயைத் திறந்து வைக்கும் கருவி அழுத்துவதால் நாக்கும் வீங்கலாம். இப்படிப்பட்ட குழந்தையை முதல் இரவு தீவிர கண்காணிப்பில் வைக்க வேண்டும். அது எங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். குழந்தை தூங்குவதை ஃபோனில் வீடியோ எடுத்து வந்தால், பத்துக் கேள்விக்குப் பதில் கிடைத்த மாதிரி.

தையல் விட்டு ஓட்டை விழுவதற்கு முக்கியக் காரணம் பிளவின் அகலம். அகலம் கூடக்கூட, இரு பக்கத் திசுவையும் இழுத்துத்தான் சேர்க்க வேண்டியிருக்கும். கெட்டியான அண்ணமும் மென்மையான அண்ணமும் சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் பிரியும். இருபக்க உதட்டுப் பிளவோடு அண்ணமும் பிளந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. இது யார் தவறும் இல்லை. எடையும் ரத்தமும் அப்படியல்ல, அவற்றைச் சரிசெய்ய நேரம் இருக்கிறது. ஹீமோகுளோபின் 10 கிராமாவது இருக்க வேண்டும் என்று பார்ப்போம். ஊட்டம் குறைந்த உடம்பில் புண் ஆறுவது மெதுவாகத்தான் நடக்கும். இதயக் கோளாறு இருக்கிறதா என்பதையும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

ஓட்டை விழுந்தால் பாலோ தண்ணீரோ மூக்கு வழியாக வரும். உடனே மறு ஆபரேஷன் கேட்காதீர்கள். திசு மிருதுவாக ஆறு மாதமாவது வேண்டும். சிறிய ஓட்டை தொல்லை தராவிட்டால் அப்படியே விட்டுவிடுவதும் உண்டு.

வீட்டுக்குப் போன பிறகு விரல், பொம்மை, பிஸ்கட் எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. எத்தனை வாரம் என்பதை உங்கள் டாக்டர் சொல்வார்.

முதல் இரவில் எச்சிலில் லேசாக ரத்தம் கலந்து வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் தூங்கும் குழந்தை ஓயாமல் எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தால், வெளியே ஒரு சொட்டும் தெரியாவிட்டாலும் சரி, அது ரத்தத்தை விழுங்கிக்கொண்டிருக்கலாம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். நள்ளிரவு என்றாலும் தயங்காதீர்கள்.