பவளத் தொட்டியில் புழு கண்டதும் மருந்தைத் தேடாதீர்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் வீட்டில் உப்புநீர்ப் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் இரவில் அனுப்பும் கைபேசிப் படங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான். கல்லிடுக்கிலிருந்து பாதி உடலை நீட்டிப் பூரான் மாதிரி நெளியும் இளஞ்சிவப்புப் புழு. கூடவே, "என்ன மருந்து ஊத்தணும்?" என்ற கேள்வி. மருந்து வேண்டாம். முதலில் அது என்ன புழு என்று பார்ப்போம்.

விளக்கை அணைத்து ஒன்றரை மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிப் பாருங்கள். வெள்ளை ஒளி பட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும் புழுக்கள் சிவப்பு ஒளியில் பெரும்பாலும் அப்படியே இருக்கும். உடலின் இரு பக்கமும் கணுவுக்குக் கணு வெள்ளைப் பஞ்சுபோல முடிக்கற்றை இருந்தால் அது பிரிஸ்டில் புழு. நம் தொட்டிகளில் அதிகம் காண்பது யூரித்தோ இனம். தின்னாமல் கல்லுக்கடியில் கிடக்கும் தீனி, செத்த நத்தை, அழுகும் பாசி எல்லாம் அதற்கு இரை. நம் கையோ வலையோ எட்டாத இடத்தைச் சுத்தம் செய்வது அதுதான். காலையில் செத்த மீனை அது மொய்த்துக் கிடப்பதைப் பார்த்து, மீனைக் கொன்றதே அதுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நல்ல நிலையில் நீந்தும் மீனை அது பிடிப்பதில்லை. மீன் செத்தால் அம்மோனியா, உப்பளவு, வெப்பம் மூன்றையும் அன்றைக்கே சோதியுங்கள்.

இணையத்தில் பார்த்துப் பலர் பயப்படும் பவளம் தின்னும் தாடி நெருப்புப்புழு அட்லாண்டிக், மத்தியதரைக் கடல்களுக்கு உரியது. அதன் தலைமேல் மடிப்பு மடிப்பாகச் சதைக்கொண்டை இருக்கும். யூரித்தோவின் தலையில் அப்படி எடுப்பாக எதுவும் தெரியாது.

முடி குத்தும் என்பது மட்டும் உண்மை. கல்லைத் தூக்கும்போது கையுறை போடுங்கள். குத்திவிட்டால் தேய்க்காமல், ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்து முடிகளை எடுத்துவிட்டு வினிகர் தடவுங்கள்.

மணல்மேலும் கல்மேலும் இடியாப்ப நூல் போல வெளுத்த இழைகள் பரவிக் கிடந்தால் அது ஸ்பகெட்டி புழு. உடல் துளைக்குள் இருக்கும், இழை மட்டும் வெளியே வந்து கசடைப் பொறுக்கும். இழை சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் முடிப்புழு, அதுவும் சாதுதான். கண்ணாடியிலும் பம்பிலும் கடுகைவிடச் சிறிதாக வெள்ளைச் சுருள் ஒட்டியிருப்பது ஸ்பைரோர்பிட் என்னும் குழல்புழு. கண்ணாடியில் இருப்பதை பிளேடால் சுரண்டலாம். பம்பைப் பாதி வினிகர், பாதி நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் போதும்.

குழல்களில்தான் ஏமாறுகிறார்கள். குளச்சல், கடியபட்டணம் பாறைச் சிப்பியைக் கழுவியவர்களுக்கு ஓட்டில் ஒட்டிய வெள்ளைக் குழல் தெரிந்திருக்கும். அந்த மாதிரிக் குழலின் வாயில் விசிறி போல இறகு விரிந்து, நிழல் பட்டதும் சட்டென்று மறைந்தால் இறகுப்புழு, விட்டுவிடுங்கள். இறகே இல்லாமல் கோழைநூல் மட்டும் வலையாக மிதந்தால் அது புழு அல்ல, வெர்மெட்டிட் என்னும் நத்தை. அந்த நூல் பவளத்தை உறுத்திச் சுருங்க வைக்கும். குழலின் வாயை ஜெல் வகை சூப்பர்குளூவால் அடைத்துவிடுங்கள்.

அகற்ற வேண்டியவை சிலதான். தலையில் ஐந்து உணர்கொம்பு, உடலில் வானவில் மினுமினுப்பு, வலிய தாடை இருந்தால் யூனிசிட். கையால் இழுத்தால் அறுந்து, மீதி கல்லுக்குள்ளேயே தங்கும். கல்லோடு வேறு வாளிக்கு மாற்றி, அங்கே வைத்துப் பிடியுங்கள். முடி தெரியாமல், ஆரஞ்சு நிறத்தில் மண்புழு போலக் கோழையோடு வந்தால் ஓனோன். அது நத்தையையும் சிப்பியையும் தின்னும். துருநிறத்தில் 3 முதல் 5 மி.மீ. நீளத்தில், வாலில் மூன்று நுனியோடு பவளத்தின்மேல் படர்வது தட்டைப்புழு. காற்றுக்குழாயால் உறிஞ்சி, துணியில் வடிகட்டி எடுங்கள். இவை கூட்டமாகச் செத்தால் நஞ்சு கசியும். ஆகவே எண்ணிக்கையைக் குறைக்காமல் மருந்தை நினைக்கவே கூடாது.

மீன் மருந்தையோ குடற்புழு மருந்தையோ முதன்மைத் தொட்டியில் ஊற்றினால் என்ன ஆகும்? செம்பு கலந்த மருந்து புழுவோடு நத்தை, இறால், பவளத்தையும் கொல்லும். கல் அதை உறிஞ்சி வைத்துப் பிறகும் கசியவிடும். குடற்புழு மருந்தான பென்பெண்டசோல் இறகுப்புழுவைக் கொல்லும். எந்த மருந்தானாலும் கல்லுக்குள் செத்த புழுவை எடுக்க வழியில்லை. அது அழுகி அம்மோனியா ஏறும். ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்களானால் 30 சதவீத நீரை மாற்றி, வடிகட்டியில் புதிய கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) வைத்து, 12 மணி நேரத்துக்கு ஒரு முறை அம்மோனியா பாருங்கள்.

பிரிஸ்டில் புழு திடீரெனப் பெருகினால் தீனி மிஞ்சுகிறது என்று பொருள். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவே போடுங்கள், வாரத்தில் ஒருநாள் தீனியை நிறுத்துங்கள். இன்னும் குறைக்க, சிறு பிளாஸ்டிக் குழாயில் 4 மி.மீ. துளைகள் இட்டு, ஒரு துண்டு இறால் வைத்து இரவில் கல்லருகே படுக்கவைத்து விடியுமுன் எடுங்கள். முழுதாக ஒழிக்கப் பார்க்காதீர்கள்.

மின்வெட்டு நீண்ட இரவில் புழுக்கள் கும்பலாகக் கல்லைவிட்டு மேலே ஏறினால் நீரில் உயிர்வளி குறைந்துவிட்டது. உடனே பேட்டரி காற்றுப்பம்பைப் போடுங்கள்.

புழு வரும் வழி பெரும்பாலும் கல்தான். கடலிலிருந்து பவளக்கல் எடுப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஆகவே காய்ந்த செயற்கைக் கல்லே போதும். கடல்நீர் கொண்டுவருகிறவர்கள் மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் போன்ற ஆற்று முகத்துவாரங்களைத் தவிர்க்க வேண்டும். மழைக்குப் பின் அங்கே உப்பு இறங்கிவிடும். அடர்த்தி 1.025 வரும்வரை தொட்டியில் ஊற்றாதீர்கள்.