டெக்சாஸில் பிள்ளைகள் லெமனேட் கடை போட பெர்மிட் வேண்டுமா?

வேண்டாம். 18 வயது நிரம்பாத பிள்ளைகள் எப்போதாவது ஒரு நாள் மேசை போட்டு லெமனேடோ மது கலக்காத வேறு பானமோ விற்றால், டெக்சாஸில் எந்த சிட்டியும் கவுண்டியும் (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகம்) உள்ளூர் சுகாதாரத் துறையும் அதற்கு லைசென்ஸ், பெர்மிட், கட்டணம் என்று எதையும் கேட்க முடியாது. அப்படிக் கேட்க ஒரு விதி போடவும் முடியாது. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.பி. 234 என்ற மாநிலச் சட்டம் இதைச் சொல்கிறது. எச்.ஓ.ஏ. என்று நாம் சொல்லும் குடியிருப்புச் சங்கங்களின் கையையும் அதே சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது.

கோடை விடுமுறை தொடங்கினால் டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் உள்ள தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி வரும். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கு ஆச்சரியமாக இருக்கும்: "எலுமிச்சம்பழத் தண்ணி விக்கறதுக்குமா சர்க்கார்கிட்ட கேக்கணும்?" பாட்டி கேட்பது நியாயம்தான். அமெரிக்காவின் பல ஊர்களில் கேட்கத்தான் வேண்டியிருந்தது. சில மாநிலங்களில் இன்னும் அந்த நிலை முழுக்க மாறவில்லை. டெக்சாஸில் மாறியிருக்கிறது. ஆனால் சட்டத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. அது தெரியாமல் முறுக்கையும் சேர்த்து விற்கக் கிளம்பினால் சட்டம் துணைக்கு வராது.

சட்டம் வந்த கதை

கிழக்கு டெக்சாஸில் ஓவர்ட்டன் என்று ஒரு சிறிய ஊர். 2015 ஜூன் மாதம், தந்தையர் தினத்துக்கு அப்பாவுக்குப் பரிசு தரப் பணம் சேர்க்க வேண்டும் என்று எட்டு வயது அக்காவும் ஏழு வயதுத் தங்கையும் லெமனேட் விற்றார்கள். போலீஸ் வந்து நிறுத்தச் சொன்னது. தெருவில் விற்பவர்கள் எடுக்க வேண்டிய பெர்மிட் இல்லை, அதன் கட்டணம் 150 டாலர். செய்தி வெளியே போனதும் சிட்டி கட்டணத்தை விட்டுக்கொடுக்க முன்வந்தது. ஆனால் அடுத்த முட்டுக்கட்டை சுகாதார விதியிலிருந்து வந்தது. குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய பண்டத்தை விற்க வேண்டுமானால் ஆய்வும் அனுமதியும் தேவை என்றார்கள். கடைசியில் அந்தப் பிள்ளைகள் லெமனேடை இலவசமாகக் கொடுத்து, விருப்பப்பட்டவர்கள் தரும் நன்கொடையை வாங்கிக்கொண்டார்கள். விற்றால் குற்றம், கொடுத்துவிட்டு உண்டியல் வைத்தால் குற்றமில்லை!

இது ஓவர்ட்டனில் மட்டும் நடந்ததில்லை. 2011-ல் ஜார்ஜியா மாநிலத்தின் மிட்வே நகரில் மூன்று சிறுமிகள் கடையை மூட வேண்டியதாயிற்று. அங்கே பெர்மிட் கட்டணம் நாளுக்கு 50 டாலர், வருடத்துக்கு 180 டாலர். அதே வருடம் மேரிலாந்தில் யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டி நடந்த மைதானத்துக்கு அருகே, குழந்தைகளின் புற்றுநோய்க்கு நிதி திரட்ட லெமனேட் விற்ற பிள்ளைகளின் பெற்றோருக்கு 500 டாலர் அபராதம் எழுதினார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு கவுண்டி அதை ரத்து செய்தது.

இந்த ஊர்களில் அதிகாரிகள் கொடுமைக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வீடு வீடாகப் போய் விற்பவர்களுக்கும் திருவிழாவில் கடை போடுபவர்களுக்கும் எழுதப்பட்ட விதிகள் அவை. அவற்றில் குழந்தை என்ற ஒரு சொல் இல்லை. அதனால் 25 டாலர் சேர்க்க நினைக்கும் சிறுமியும், சந்தை சந்தையாகப் போகும் உணவு வண்டிக்காரரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாகிவிட்டார்கள். நல்ல மனசுள்ள அதிகாரி வந்தால் பார்த்தும் பாராமல் போய்விடுவார். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்துவிட்டால் அவராலும் போக முடியாது. ஒரு குழந்தையின் சின்ன முயற்சி யாருடைய மனநிலையையோ நம்பி இருக்கக் கூடாது. அதற்கு எழுத்தில் உரிமை வேண்டும். அதைத்தான் ஃபோர்ட் வொர்த் பகுதியைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் மேட் கிராஸ் கொண்டுவந்த மசோதா செய்தது. 2019 ஜூனில் ஆளுநர் கிரெக் ஆபட் கையெழுத்திட்டார்.

எங்கே மேசை போடலாம்

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சட்டம் இரண்டு இடங்களைச் சொல்கிறது. ஒன்று தனியார் நிலம், இன்னொன்று பொதுப் பூங்கா. உங்கள் வீட்டு டிரைவ்வே தனியார் நிலம். முன்புறப் புல்வெளி தனியார் நிலம். ஆனால் வீட்டு முன்னால் ஓடும் நடைபாதையும், பல இடங்களில் நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே உள்ள புல்பட்டையும் பொதுப் பயன்பாட்டுக்கு உரியவை. புல் வெட்டுவது நாம்தான், அதனால் நம்முடையது என்று நினைத்துக்கொள்கிறோம். மேசையை அங்கே போட்டால் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே போய்விடுகிறீர்கள். நான்கு அடி உள்ளே தள்ளிப் போடுங்கள், வாங்க வருபவர்கள் நடைபாதையில் நின்று வாங்கட்டும்.

கோவில் வளாகமும் கடை வாசலும் தனியார் நிலம்தான், ஆனால் வேறொருவருடையது. பியர்லேண்ட் மீனாட்சி கோவில் வாசலில் பிள்ளைகள் நீர்மோர் விற்க ஆசைப்பட்டால் சிட்டியிடம் கேட்க வேண்டியதில்லை, கோவில் நிர்வாகத்திடம் கேட்டே ஆக வேண்டும். மாநிலச் சட்டம் அரசு அமைப்புகளையும் குடியிருப்புச் சங்கங்களையும்தான் தடுக்கிறது, நிலத்துக்குச் சொந்தக்காரரை அல்ல.

எச்.ஓ.ஏ. பற்றி: உங்கள் குடியிருப்பின் விதிப் புத்தகத்தில் 'வீட்டில் எந்த வணிகமும் கூடாது' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைக் காட்டி லெமனேட் கடையைத் தடுக்க முடியாது. அனுமதி வாங்கச் சொல்லவோ கட்டணம் கேட்கவோ கூட முடியாது. நில உரிமையாளரின் சம்மதம் இருந்தால் போதும். கடையில் யாருக்காவது ஏதாவது ஆனால் பொதுவாகச் சங்கத்தைப் பொறுப்பாக்க முடியாது என்றும் சட்டமே சொல்லிவிட்டது. ஆகவே 'நாளைக்கு ஏதாவது நடந்தால் எங்கள் மேல் வழக்கு வரும்' என்று அவர்கள் பயப்பட இடமில்லை.

அபார்ட்மெண்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கதை வேறு. அங்கே உரிமையாளர் அபார்ட்மெண்ட் நிறுவனம். லீசிங் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டு, முடிந்தால் மின்னஞ்சலில் பதில் வாங்கிவிடுங்கள். மறுத்துவிட்டால் பொதுப் பூங்கா இருக்கவே இருக்கிறது.

எதை விற்கலாம்

மது கலக்காத பானம், அவ்வளவுதான். லெமனேட், பானகம், நீர்மோர், ரோஸ் மில்க், சுக்கு காபி எல்லாம் இதில் அடங்கும். குக்கி, கப் கேக், முறுக்கு, சமோசா எதுவும் அடங்காது.

முறுக்கும் தட்டையும் விற்க வழியே இல்லை என்று பொருள் இல்லை. வீட்டில் செய்த பண்டங்களுக்கு டெக்சாஸில் தனிச் சட்டம் இருக்கிறது. அதன்படி விற்பவர் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், பொட்டலத்தின் மேல் அந்தச் சட்டம் சொல்லும் விவரங்களோடு லேபிள் ஒட்ட வேண்டும். கெட்டுப்போகாத உலர் பண்டங்களுக்கு அது எளிமையான வழி, அம்மாவோ அப்பாவோ எடுத்துச் செய்ய வேண்டிய வேலை. பிள்ளைகளின் லெமனேட் மேசையோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால், அதிகாரி முறுக்கைப் பற்றிக் கேட்கும்போது எச்.பி. 234 என்று பதில் சொல்ல முடியாது.

விற்பவரும் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், ஐஸ் பெட்டியைத் தூக்கி வைக்கலாம். குழந்தையின் பெயரைப் போட்டுப் பெரியவர் வியாபாரம் நடத்தினால் அது பெரியவரின் வியாபாரம்.

இன்னொரு சொல் 'எப்போதாவது'. டெக்சாஸ் சட்டம் இதற்கு நாள் கணக்கு வைக்கவில்லை. அதே 2019-ல் இதுபோன்ற சட்டம் போட்ட கொலராடோ, வருடத்துக்கு 84 நாள் என்று கணக்கு வைத்தது. கோடையில் சில சனி ஞாயிறுகள் என்றால் எந்தக் கண்ணோட்டத்திலும் அது எப்போதாவதுதான். தினமும் மாலை அதே இடத்தில், அதே நேரத்தில் என்று ஆனால் அது கடை. அந்த எல்லையைச் சோதித்துப் பார்க்க ஒரு குழந்தையை முன்னால் நிறுத்தாதீர்கள்.

பெர்மிட் இல்லை, ஆனால் கை கழுவ வேண்டும்

எனக்கு உண்மையில் கவலை தருவது இந்தப் பகுதிதான். ஆய்வாளர் வர மாட்டார் என்றால் ஆய்வாளர் நீங்கள்தான். வாங்கிக் குடிப்பவர்களில் பாதிப் பேர் மற்ற குழந்தைகள்.

எலுமிச்சையை நறுக்கும் முன் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். தோலில் இருக்கும் அழுக்கைக் கத்தி உள்ளே கொண்டுபோகும். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள், பிழிந்த பின் தோலைத் தூக்கித்தானே போடுகிறோம் என்று. நறுக்குவது, பிழிவது, சர்க்கரை கலப்பது எல்லாவற்றையும் சமையலறையிலேயே முடித்து, மூடியுள்ள குழாய் வைத்த பாத்திரத்தில் வெளியே கொண்டுவாருங்கள். குடிக்கும் பானத்தில் போடும் ஐஸுக்குத் தனிப் பெட்டி வேண்டும். பாட்டில்களை மிதக்க விட்ட பெட்டியிலிருந்து ஐஸை அள்ளக் கூடாது, கையாலும் அள்ளக் கூடாது, பிடியுள்ள கரண்டி ஒன்று அதற்கென்றே இருக்கட்டும். காசு வாங்கும் பிள்ளை ஊற்றக் கூடாது. இரண்டு பேர் இருந்தால் வேலையைப் பிரித்துக் கொடுங்கள், அண்ணன் தம்பிச் சண்டையும் குறையும்.

நீர்மோரும் ரோஸ் மில்க்கும் சட்டப்படி சரி என்றாலும் ஜூலை வெயிலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பால் பொருள்கள் 41 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். வெளியில் வெப்பம் 90 டிகிரியைத் தாண்டிவிட்டால், குளிர்ச்சி இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த பால் பொருளைக் கொட்டிவிட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. டெக்சாஸ் கோடையில் 90 டிகிரி காலையிலேயே வந்துவிடும். பானகமும் லெமனேடும் போதும். பாதாம் பால் வைத்தே தீருவேன் என்று பிள்ளை அடம்பிடித்தால், பலகையில் பாதாம், பால் இரண்டையும் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். நட்ஸ் ஒவ்வாமை உள்ள குழந்தைகள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

காசும் விசாவும்

எச்.பி. 234 வரியைப் பற்றிப் பேசவில்லை. மத்திய அரசின் வருமான வரி விதிப்படி, சுயதொழிலில் செலவு போக 400 டாலரோ அதற்கு மேலோ சம்பாதித்தவர் குழந்தையாக இருந்தாலும் வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். ஒரு டாலர் கோப்பை விற்று அந்தத் தொகையைத் தொடுவது சுலபமில்லை, இருந்தாலும் வரவு செலவை ஒரு நோட்டில் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள்.

எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் விசா) இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எச்-4 குழந்தைகளுக்கு அமெரிக்காவில் வேலை செய்ய அனுமதி கிடையாது. குடியேற்றச் சட்டம் மத்திய அரசுடையது, மாநிலச் சட்டம் அதைத் தொடாது. பெர்மிட் வேண்டாம் என்று டெக்சாஸ் சொன்னது இந்த விஷயத்தில் உங்களுக்குக் கவசமாகாது. உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் லாபத்துக்கு விற்க வேண்டாம். பிள்ளைக்கு ஆசை மேசை போடுவதில்தான் என்றால் இலவச நீர்ப்பந்தல் போடுங்கள். நம் ஊரில் சித்திரை வெயிலில் செய்வதுதானே.

மற்ற மாநிலங்களில்

யூட்டா 2017-லேயே இப்படிச் சட்டம் போட்டுவிட்டது. இல்லினாயில் 2022 ஜனவரி 1 முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் லெமனேட் விற்பதில் சுகாதாரத் துறை தலையிட முடியாது. கான்ககீ நகரில் ஒரு சிறுமியின் கடையை மூடியதால் வந்த சட்டம் அது. வயதும் நிபந்தனையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆகவே டாலஸில் இருக்கும் மச்சான் சொன்னதை நம்பி நியூ ஜெர்சியில் மேசை போடாதீர்கள். உங்கள் சிட்டி ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

யாராவது வந்து நிறுத்தச் சொன்னால்

சட்டத்தின் நகலை டெக்சாஸ் சட்டமன்ற இணையதளத்திலிருந்து எடுத்து மேசை அடியில் வைத்திருங்கள். 86-வது சட்டமன்றம், எச்.பி. 234 என்று தேடினால் வந்துவிடும். சில பக்கங்கள்தான். வந்தவர் சீருடையில் இருந்தால் பேச வேண்டியது பெற்றோர், பிள்ளை அல்ல. முதலில் மேசை நடைபாதையில் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், இருந்தால் மன்னிப்புக் கேட்டு உள்ளே தள்ளுங்கள். பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். பிறகும் பெர்மிட் கேட்டால் நகலைக் காட்டி, எந்த விதியின் கீழ் கேட்கிறார் என்று மரியாதையாகக் கேட்டுப் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கடையை மூடச் சொன்னால் மூடிவிடுங்கள். திங்கட்கிழமை சிட்டி வழக்கறிஞர் அலுவலகத்துக்கு எழுதுங்கள், உங்கள் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போடுங்கள். எச்.ஓ.ஏ. அபராதக் கடிதம் அனுப்பினால் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். சட்டத்தில் சங்கங்களைப் பற்றிய பகுதியை இணைத்து, அபராதத்தை ரத்து செய்யும்படி எழுத்தில் கேளுங்கள்.