ஸ்டேட்மெண்டில் தெரியும் ஜிஎஸ்டி வேறு, கேமுக்குக் கட்டிய ஜிஎஸ்டி வேறு

போன ஜூலையில், வருமான வரி ரிட்டர்ன் வேலையில் அலுவலகம் நிரம்பிக் கிடந்த ஒரு மாலை. எங்களிடம் பல வருடங்களாக வரும் ஓர் ஆசிரியை கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்டோடு வந்து உட்கார்ந்தார். மூன்று பதிவுகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். முதலில் ரூ. 2,999.00. அடுத்து ரூ. 29.99. அதற்குக் கீழே ஐஜிஎஸ்டி (மாநில எல்லையோ நாட்டு எல்லையோ தாண்டும் விற்பனைக்கான ஜிஎஸ்டி) என்று ரூ. 5.40. ப்ளஸ் டூ படிக்கும் மகன் ஒரு வெளிநாட்டு கேம் கடையில் அம்மாவின் கார்டைக் கொடுத்து வாங்கிய கணக்கு அது.

“மூவாயிரம்னு சொல்லித்தான் சார் கேட்டான், நானும் சரின்னேன். இந்த இருபத்தொம்பது ரூபா என்னது? அதுவும் போகட்டும். மூவாயிரம் ரூபா பொருளுக்கு ஜிஎஸ்டி அஞ்சு ரூபா நாப்பது காசுதானா? வரி கட்டாம ஏதாவது குறுக்கு வழியில வாங்கிட்டானா? நாளைக்கு எனக்கு நோட்டீஸ் வருமா?”

அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நன்றாகப் படித்தவர்களே இந்த இடத்தில் குழம்புகிறார்கள். மகனை ஃபோனில் கூப்பிட்டு, கேம் கடையிலிருந்து மெயிலில் வந்த பில்லை அனுப்பச் சொன்னேன். வந்தது. அதன் கடைசியில் சின்ன எழுத்தில், விலை 2,541.53, ஐஜிஎஸ்டி 18% 457.47, மொத்தம் 2,999 என்று இருந்தது. அதாவது கேமுக்கான வரி விலைக்கு உள்ளேயே இருக்கிறது. பையன் முழு வரியையும் கட்டித்தான் வாங்கியிருக்கிறான்.

ஸ்டேட்மெண்டில் இருந்த 29.99 வங்கி எடுத்துக்கொண்டது. விலை ரூபாயில்தான் போட்டிருக்கிறது, ஆனாலும் விற்பவர் வெளிநாட்டில் பதிவானவர் என்றால் சில வங்கிகள் தொகையில் 1% அளவுக்கு ஒரு கட்டணம் போடுகின்றன. டாலரில் வாங்கினால் மார்க்கப் என்ற பெயரில் இன்னும் கூடுதலாகப் போகும். பல கார்டுகளில் அது 3.5% வரை இருக்கும். அந்தக் கட்டணம் வங்கி செய்த சேவைக்கான விலை. அதனால் அதன் மேல் 18% ஜிஎஸ்டி. 29.99க்கு 18% போட்டால் 5.40. அந்த அம்மா பார்த்த ஜிஎஸ்டி இதுதான். கேமுக்கும் அந்த ஐந்து ரூபாய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வரியை நீங்களே சரிபார்க்க நினைத்தால் ஒரு விஷயம். 2,999க்கு 18% போட்டு 539.82 என்று கணக்குப் போடாதீர்கள். வரி உள்ளே அடங்கிய விலையில் 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்க வேண்டும். அப்போதுதான் 457.47 வரும். ‘கடைக்காரன் வரியைக் குறைத்துக் காட்டுகிறான்’ என்று என்னிடம் வந்தவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தவறியிருந்தார்கள்.

சரி, அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் கடை நம் ஊர் வரியை ஏன் வசூலிக்கிறது? 2016 டிசம்பர் 1க்கு முன்னால் வசூலிக்கவில்லை. ஒருவர் சொந்த உபயோகத்துக்காக வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக வாங்கும் சேவைக்கு அப்போது சேவை வரி விலக்கு இருந்தது. அதே கேமை இங்கே இருக்கும் நிறுவனம் இணையத்தில் விற்றால், செஸ்களோடு சேர்த்து 15% வரி போட்டாக வேண்டும். உள்ளூரில் கடை விரித்தவனுக்கு இது பெரிய அநியாயம். அந்த விலக்கை எடுத்துவிட்டுத்தான் பொறுப்பை வெளிநாட்டு விற்பனையாளர் தலையில் வைத்தார்கள். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபோது அது ஐஜிஎஸ்டி சட்டத்தின் 14ஆம் பிரிவாக நின்றது. இணையம் வழியாகவே வந்து சேரும் இந்த வகைச் சேவைகளை எங்கள் தொழிலில் ஓஐடிஏஆர் என்று சுருக்கமாகச் சொல்வோம். மின்னூல், பாட்டு, படம், மென்பொருள், கிளவுட் எல்லாம் இதில் அடங்கும். ஆன்லைன் கேமும் அடக்கம்.

இங்கே சேவைத் தொழில் செய்பவருக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பதிவு இல்லாத ஆட்களுக்கு விற்கும் வெளிநாட்டுக் கடைக்கு அந்த வரம்பு கிடையாது. இந்தியாவில் ஒரே ஒரு பையனுக்கு ஒரே ஒரு கேம் விற்றாலும் பதிவு செய்ய வேண்டும், மாதாமாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-5ஏ என்ற ரிட்டர்ன் போட வேண்டும். கேமை உருவாக்கியது போலந்தில் இருக்கும் ஒரு சின்னக் குழு, விற்பது ஸ்டீம் மாதிரி ஒரு பெரிய தளம் என்றால்? பணத்தை வாங்குவதும், டவுன்லோடுக்கு அனுமதி கொடுப்பதும், விற்பனை விதிகளை எழுதுவதும் தளம்தான். அதனால் வரிப் பொறுப்பும் தளத்துக்குத்தான்.

ஆக, அந்த ஆசிரியைக்கு நோட்டீஸ் வராது. ஜிஎஸ்டி பதிவு இல்லாத தனி ஆள் வீட்டு உபயோகத்துக்கு வாங்கும்போது, கடைக்காரர் வரியே போடாமல் விற்றிருந்தாலும் கேட்க வேண்டியது கடைக்காரரைத்தான், உங்களை இல்லை. இதைச் சொன்ன பிறகுதான் அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

பையன்கள் என்னிடம் கேட்கும் கேள்வி வேறு: “விபிஎன் போட்டு வேற நாட்டுக் கடையில வாங்கினா இந்த 18% மிச்சம்தானே அங்கிள்?” வாங்குபவர் இந்தியாவில் இருக்கிறார் என்று முடிவுகட்டச் சட்டம் ஏழு அடையாளங்களைச் சொல்கிறது. இணையத்தில் கொடுத்த முகவரி, கார்டு எந்த நாட்டில் கொடுக்கப்பட்டது, பில்லிங் முகவரி, கருவியின் ஐபி முகவரி, பணம் எடுக்கப்படும் வங்கிக் கணக்கு, சிம் கார்டின் நாட்டுக் குறியீடு, லேண்ட்லைன் இருக்கும் இடம். ஒன்றுக்கொன்று முரண்படாத இரண்டு பொருந்தினாலே போதும். விபிஎன் மாற்றுவது ஐபி முகவரி ஒன்றை மட்டும். உங்கள் கார்டு இந்திய வங்கியுடையது, சிம் +91. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. பெரும்பாலான கடைகளின் விதிமுறைகளும் இப்படி நாடு மாற்றி வாங்குவதைத் தடை செய்கின்றன. கடை உங்கள் கணக்கை முடக்கினால், வருடக்கணக்காகச் சேர்த்த கேம்கள் அத்தனையும் போகும். 450 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் அந்த இழப்பைச் சந்தித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்காது.

இன்னொரு சந்தேகம், டவுன்லோடு செய்கிற பொருளுக்குக் கடை ஏன் மாநிலத்தைக் கேட்கிறது என்பது. ஐஜிஎஸ்டியில் ஒரு பாதி, பொருள் நுகரப்படும் மாநிலத்துக்குப் போக வேண்டும். அதனால் பில்லில் வாங்குபவரின் மாநிலம் இருந்தே ஆக வேண்டும் என்று 2024 டிசம்பர் 31 சுற்றறிக்கையில் மத்திய மறைமுக வரிகள் வாரியம் அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அந்தக் கட்டத்தில் கைக்கு வந்த ஏதோ ஒரு மாநிலத்தைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மதுரையில் உட்கார்ந்து விளையாடும் பையன் கட்டிய 457 ரூபாயில் தமிழ்நாட்டின் பங்கு 228 ரூபாய்ச் சொச்சம். அது தமிழ்நாட்டுக்கு வரட்டுமே. சரியாக நிரப்புங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது கேம் கீ, அதாவது கேமைத் திறக்கும் குறியீட்டை மட்டும் தனியாக விற்கும் தளங்கள். பெரிய கடையில் 3,000 ரூபாய்க்கு இருக்கும் கேமின் கீயை 1,400க்குத் தருவார்கள். பணம் கட்டும் கடைசித் திரையில் ‘கட்டணமும் வரியும்’ என்று ஒரு தொகை சேரும். எந்த நாட்டு வரி, யார் பெயரில் பதிவு, ஒன்றும் இருக்காது. ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்த வெளிநாட்டுக் கடையின் பில்லில் 15 எழுத்து கொண்ட ஜிஎஸ்டி எண் இருக்கும். நம் ஊர்க் கடைகளின் எண் 33இல் தொடங்கும், அது தமிழ்நாட்டின் குறியீடு. ஓஐடிஏஆர் பதிவு பெற்ற வெளிநாட்டுக் கடையின் எண் 99இல் தொடங்கும், நடுவில் அந்த நாட்டைக் குறிக்கும் மூன்று எழுத்துகள் இருக்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் லாகின் இல்லாமலே எண்ணைப் போட்டுத் தேடலாம். யார் பெயர் வருகிறது, பதிவு உயிரோடு இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எண்ணே இல்லாமல் வரி என்று ஒரு தொகை வாங்கினால், அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகிறது என்று நம்ப உங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை.

இதே இடத்தில்தான் இன்னொரு வாடிக்கையாளர் நன்றாக அடிபட்டார். இருபத்தைந்து வயதுத் தம்பி. கேம் விளையாடுவதை நேரலையில் காட்டி, விளம்பர வருமானம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. வரவு 20 லட்சம் தாண்டியதும் ஜிஎஸ்டி பதிவு எடுத்துக் கொடுத்தோம். ‘வாங்குற எல்லாத்துக்கும் பில் வை தம்பி’ என்று சொன்னது நினைவிருக்கிறது. லேப்டாப், மைக், கேமரா பில்லெல்லாம் ஒழுங்காகக் கொடுத்தார். கேம் வாங்குவது செலவு என்றே அவருக்குத் தோன்றவில்லை. சின்ன வயதிலிருந்து வைத்திருந்த சொந்தக் கணக்கில், சொந்தப் பெயரில், ஜிஎஸ்டி எண் கொடுக்காமல் வாங்கிக்கொண்டே இருந்தார்.

வருடக் கடைசியில் மெயிலைத் திறந்து கூட்டிப் பார்த்தோம். பதிவு பெற்ற கடைகளில் மட்டும் 2,36,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். அதில் வரி 36,000. பில்லில் அவருடைய ஜிஎஸ்டி எண் இல்லை. கடை அவரைப் பதிவில்லாத ஆள் என்று வைத்து வரியைக் கட்டிவிட்டது. அந்த 36,000 உள்ளீட்டு வரி வரவாக (தொழிலுக்கு வாங்கியதில் கட்டிய வரியை, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) கிடைக்காது. வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டலாம், அந்த ஆறுதல் மட்டும்தான். அவர் செய்வது சேவை ஏற்றுமதி. முறையாக வாங்கியிருந்தால் வரவு வைத்து ரீஃபண்டே கேட்டிருக்கலாம்.

அப்புறம் கீ தளங்கள். அங்கே 70,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். விற்றவருக்கு இந்தியப் பதிவு இல்லை. வீட்டுப் பையன் வாங்கினால் அதோடு போகும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் தொழிலுக்காக வெளிநாட்டிலிருந்து சேவை வாங்கினால் கதை மாறிவிடுகிறது. ரிவர்ஸ் சார்ஜ் முறையில் வரியை வாங்கியவரே கட்ட வேண்டும். 70,000க்கு 12,600. அதையும் வரவில் இருக்கும் வரியைக் கழித்துக் கட்ட முடியாது, கேஷ் லெட்ஜரில், அதாவது ஜிஎஸ்டி தளத்தில் உள்ள பணக் கணக்கில், பணம் போட்டுத்தான் கட்ட வேண்டும். கட்டிய பிறகு அதே தொகையை வரவாக எடுத்துக்கொள்ளலாம், அதனால் அசல் நஷ்டமில்லை. ஆனால் தாமதமான நாட்களுக்கு ஆண்டுக்கு 18% வட்டி. அது திரும்ப வராது. தளம் வரி என்ற பெயரில் வாங்கியது தனி. அதுவும் திரும்ப வராது.

“கேமுக்குப் போய் இவ்ளோ இருக்கும்னு யாருமே சொல்லலையே சார்” என்றார். எனக்குத்தான் வருத்தமாக இருந்தது. லேப்டாப் பில்லைக் கேட்ட நான் கேம் பில்லையும் பெயர் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். ஸ்ட்ரீமர்கள், கேம் ரிவ்யூ செய்பவர்கள், கேம் உருவாக்கும் சின்ன ஸ்டூடியோக்கள் என்று யார் வந்தாலும் இப்போது முதல் நாளிலேயே கேட்டுவிடுகிறேன்.

பெற்றோர்கள் போட்டுக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேப்பரில் ‘ஆன்லைன் கேமுக்கு 28%’, ‘40%’ என்று படிப்பது பணம் வைத்து, பணம் ஜெயிக்கலாம் என்று ஆடும் விளையாட்டுகளைப் பற்றியது. அவற்றுக்கு 2023 அக்டோபர் 1 முதல் கட்டிய முழுத் தொகை மீதும் 28%, 2025 செப்டம்பர் 22 முதல் 40%. அந்த வகை ஆட்டங்களையே தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமும் போட்டுவிட்டது. உங்கள் பிள்ளை வாங்கும் கால்பந்து கேமோ, அதற்குள் வாங்கும் சட்டை, ஆயுதம், காயின் போன்றவையோ 18%தான்.

சிங்கப்பூரிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் உறவினர் வாங்கினால் வரியே இல்லை என்ற நினைப்பும் சரியில்லை. ஆஸ்திரேலியா 2017 ஜூலையிலிருந்து 10% வாங்குகிறது. சிங்கப்பூர் 2020இல் தொடங்கியது, இப்போது 9%. மலேசியாவில் 2024 மார்ச்சிலிருந்து 8%.

அந்தத் தம்பி தொழிலுக்கென்று தனி மெயில், தனிக் கார்டு, தனிக் கணக்கு தொடங்கிவிட்டார். ஜிஎஸ்டி எண் போடக் கட்டம் இருக்கும் கடைகளில் எண்ணைக் கொடுக்கிறார், அவர்கள் வரி போடுவதில்லை, நாங்கள் ரிவர்ஸ் சார்ஜில் கட்டி அதே மாதம் வரவு எடுக்கிறோம். அந்தக் கட்டமே இல்லாத கடைகளும் உண்டு. அங்கே வாங்கும் முன்னால் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புகிறார். போன மாதம் வந்த மெசேஜில் ஸ்கிரீன்ஷாட் ஒன்று இருந்தது. பில்லின் அடியில் 99இல் தொடங்கும் எண்ணைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, ‘இது ஓகேவா சார்?’ என்று கேட்டிருந்தார்.